ஒம்பது மாசம்னு நான் சொன்னது

அந்த போன் வந்தப்ப நான் துவாலை எண்ணிகினு இருந்தேன். மாமல்லபுரத்துல கடலோரமா இருக்கிற ஒரு ஓட்டல்ல எனக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை. பதினெட்டு வருசமா காலைல செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா போயி, சாயங்காலம் அதே வழியா வூட்டுக்கு வரேன். எண்ணுறதுதான் என் வேலையே. பெட்ஷீட்டு எத்தனை வெளுக்கப் போச்சி, எத்தனை வந்துச்சி, தலகாணி உறை எத்தனை கிழிஞ்சிச்சி. ஒண்ணு கொறைஞ்சா கூட எனக்குத் தெரிஞ்சிடும். இத எதுக்கு சொல்றேன்னா, எனக்குக் கணக்கு வராதுன்னு ஊர்ல ஒருத்தரும் சொல்ல முடியாது. நானும் அப்பிடி சொல்லித் தப்பிச்சிக்க முடியாது. இதுல பேஜாரே அதுதான்.

போன்ல ஒரு பொண்ணு, நல்ல மரியாதையா பேசிச்சி. "வணக்கம் மேடம், விமானக் கம்பெனியோட மருத்துவப் பிரிவுலேர்ந்து பேசறோம். மஸ்கட் போற பயணி உங்க மகளா?"

"ஆமாம்மா."

"அவங்க டாக்டர் லெட்டர் கெடைச்சது. கர்ப்பமா இருக்கிற பயணிங்களோட பாதுகாப்புக்காக ஒரு சரிபார்ப்பு, அவ்வளவுதான். அவங்களுக்கு இப்ப எத்தனை வாரம் ஆகுது மேடம்?"

"ஒம்பது மாசம்"னு சொன்னேன்.

"ஒன்பது மாசமா மேடம்? நிச்சயமா?"

"எஸ் மேடம், நைன்த் மன்த்." இங்கிலீஷ்ல வேற அடிச்சி விட்டேன். தெனம் வெள்ளைக்காரங்க கிட்ட பேசுற வாயாச்சே, சும்மா இருக்குமா? அது நன்றி சொல்லிட்டு வெச்சிடுச்சி. எனக்குத் துவாலை எண்ணிக்கை விட்டுப்போச்சி. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

என் பொண்ணப் பத்திச் சொல்லணும். ஒரே பொண்ணு. அவ காலேஜு படிக்கும்போது எங்க வூட்டுக்காரரு போயிட்டாரு. அதுக்கப்புறம் வூட்ல நாங்க ரெண்டே பேருதான். கல்யாணம் ஆகி மஸ்கட் போனா. மாப்ளைக்கு அங்க ஒரு கம்பெனில ஏசி பிளான்ட்டு பாக்குற வேலை. நல்ல மனுசன், எதையும் படிச்சிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடுவாரு. மருந்து டப்பாவுல வர்ற காகிதத்தக் கூட முழுசா படிக்கிற ஆளு.

ஏழாம் மாசம் வளைகாப்புக்குன்னு வந்தா. எங்க வழக்கத்துல மொத பிரசவம் அம்மா வூட்லதான். அத யாரும் கேக்க மாட்டாங்க, யாரும் சொல்ல மாட்டாங்க, வளையல் போட்டு கூட்டிகினு வந்தா அவ்ளோதான், புள்ளயோடதான் திரும்பிப் போவா. நானும் அப்பிடித்தான் நெனைச்சிகினு இருந்தேன். வளைகாப்பு முடிஞ்ச மறுநாளு, நாஸ்தா சாப்புட்டுகினே சொன்னா: "அம்மா, நான் ஒரு மாசம்தான் இருப்பேன். திரும்பிப் போற டிக்கெட்டு போட்டுட்டோம்."

எனக்கு இட்லி எறங்கல. "இன்னாடீ சொல்ற? வயித்துப் புள்ளைய வெச்சிகினு பிளைன்ல போவியா?"

"டாக்டர் லெட்டர் குடுத்தா விடுவாங்கம்மா. ரூலு கீது. அங்க ஆஸ்பத்திரியில பிரசவ ரூமுக்குள்ள அவர விடுவாங்க. நான் பெத்துக்கும்போது அவரு என் கையப் புடிச்சிகினு நிக்கணும். அது மட்டுந்தான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

ஒண்ணும் கேக்கலியாம்! ரெண்டு நாளு நான் அவகிட்ட சரியா பேசல. ஊர் இன்னா சொல்லும், அத்தைக்காரி இன்னா சொல்லுவான்னு எல்லாம் சொல்லிப் பாத்தேன். அவ சிரிச்சிகினே இருந்தா. அவளுக்கு அவங்க அப்பா பிடிவாதம். மூணாவது நாளு நானே அவளுக்கு மாங்கா இஞ்சி ஊறுகா போட ஆரம்பிச்சிட்டேன், எடுத்துகினு போகட்டும்னு. மனசு ஒத்துக்கிச்சின்னுதான் நான் நெனைச்சேன். ஒத்துக்கிச்சா இல்லியான்னு இப்ப யாரு சொல்றது?

அந்த ரூலு இன்னான்னு மாப்ள போன்ல எனக்கு விளக்குனாரு. இத்தனை வாரம் வரைக்கும் ஒண்ணும் இல்லாம போகலாம், அதுக்கு மேல டாக்டர் லெட்டரோட போகலாம், அதையும் தாண்டிட்டா லெட்டர் இருந்தாலும் ஏத்த மாட்டாங்க. ஆகாசத்துல வலி வந்துட்டா யாரு பாப்பா, அதுக்காகத்தான். "பயணிங்க பாதுகாப்பு அத்தை. நல்லதுதான்"னாரு. நல்லதுதான்னு நானும் சொன்னேன். எங்க ஊர் லேடி டாக்டரு முப்பத்தி மூணு வாரம்னு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க. கம்பெனிக்கு அனுப்புற ஃபார்ம்ல இந்தியா நம்பர் கேட்டுச்சி. அவளோட பழைய சிம்மு செத்துப் போச்சி, அதனால என் நம்பரப் போட்டா. "போன் வந்தா ஆறு மணிக்கு மேல பண்ணச் சொல்லும்மா, நானே பேசறேன்"னு சொல்லியிருந்தா. லெட்டர போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தா. முப்பத்தி மூணுன்னு நான் படிச்சேன். என் கண்ணால படிச்சேன்.

இப்ப எங்க பொம்பளைங்க கணக்கு இருக்குது பாருங்க, அது வேற. கடைசியா தலைக்குக் குளிச்சதுலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு மாசம். எட்டு முடிஞ்சி ஒரு நாளு ஆனாலும் ஒம்பது நடக்குதுன்னுதான் சொல்லுவோம். யாராச்சும் பஸ்ல கேட்டா, "ஒம்பது மாசம்"னு சொல்லுவோம், நடக்குதுன்ற வார்த்தை கூட சொல்ல மாட்டோம். கேக்குறவளுக்கும் அது தெரியும். அந்தக் கணக்குப்படி நான் சொன்னது சரி. முப்பத்தி மூணு வாரம்னா எங்களுக்கு ஒம்பது. ஆனா போன்ல இருந்த பொண்ணுக்கு ஒம்பதுன்னா ஒம்பதும் முடிஞ்சது. லெட்டர் இருந்தாலும் ஏத்த மாட்டாங்கன்ற இடம்.

அது எனக்கு எப்ப உறைச்சிச்சின்னு கேட்டா, அன்னிக்கு சாயங்காலமே. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்துகினு வந்தேன். பக்கத்து சீட்டுல ஒரு அம்மா தன் மருமகளுக்கு ஆறு மாசம்னு யாருகிட்டயோ சொல்லிகினு வந்தாங்க. போன்ல அந்தப் பொண்ணு வாரம்னு தான கேட்டுச்சி! எனக்கு வாரம் தெரியும். தெரிஞ்ச கணக்க வுட்டுட்டு நான் ஏன் மாசத்துல பதில் சொன்னேன்?

நம்பர் போன்ல இருந்துச்சி. ஒரு தட்டு தட்டி, "அம்மா, தப்பா சொல்லிட்டேன், முப்பத்தி மூணு வாரம்தான்"னு சொல்ல அரை நிமிசம் ஆகாது. எறங்கினதும் பேசலாம்னு இருந்தேன். எறங்கினதும் வூட்டுக்குப் போயி பேசலாம்னு இருந்தேன். வூட்டுக்குப் போனா அவ எனக்கு டீ போட்டு வெச்சிருந்தா, வயித்தத் தள்ளிகினு. "போன் ஏதாச்சும் வந்துச்சாம்மா?"ன்னு கேட்டா. இல்லன்னு தலைய ஆட்டினேன்.

டிக்கெட்டுக்கு மூணு நாளு இருந்துச்சி. மூணு நாளும் போன எடுப்பேன், நம்பரப் பாப்பேன், வெச்சிடுவேன். எனக்குள்ளயே நியாயம் பேசிக்குவேன். டாக்டர் எழுதிக் குடுத்த லெட்டர் இருக்கும்போது துவாலை எண்ணுறவ பேச்ச எவன் கேப்பான்? கவர்மெண்ட்டு ரூலுன்னா காகிதம்தான பேசும்? இப்ப போயி நான் கூப்புட்டு குட்டையக் கொழப்புனா சந்தேகம் ஜாஸ்தியாகும். இப்பிடி ஆயிரம். எதையாச்சும் நான் நம்பினேனான்னா, அதுவும் தெரியல.

காலைல பதினோரு மணி பிளைன். டாக்சி வெச்சிகினு மீனம்பாக்கம் போனோம். டிக்கெட்டு இல்லாதவங்கள உள்ள விட மாட்டாங்க, கண்ணாடிக்கு வெளியவே நின்னுட்டேன். அவ பெட்டி வண்டியத் தள்ளிகினு உள்ள போனா, திரும்பி கையாட்டினா. மஞ்சள் சுடிதாரு போட்டுகினு இருந்தா. நல்லபடியா போயிடணும் சாமின்னு வேண்டிகினேன். அது மனசார வேண்டினதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அப்பிடி வேண்டிகினே, வந்த டாக்சிய அனுப்பாம நிறுத்தி வெச்சிருந்தேன்.

முக்கா மணி நேரம் கழிச்சி அவ வண்டியோடவே வெளிய வந்தா. மொகம் செவந்து கெடந்துச்சி.

"ஏத்த மாட்டாங்களாம்மா. லெட்டர்ல ஒரு கணக்கு கீதாம், அவங்க கிட்ட வேற ஒரு கணக்கு கீதாம். ரெண்டும் ஒத்துப் போகலியாம். புதுசா ஸ்கேன் எடுத்து, புதுசா டாக்டர் லெட்டரு வேணுமாம்."

நான் அங்க போட்ட சத்தம் இருக்குது பாருங்க, ஐயோ! வாசல்ல துப்பாக்கி வெச்சிகினு நின்ன போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஆளு கிட்டப் போயி எகிறினேன். "கவர்மெண்ட்டு ரூலு, கவர்மெண்ட்டு ரூலுன்னு சொல்லி ஒரு புள்ளத்தாச்சிய வாசல்ல நிக்க வெப்பீங்களா? இதுதான் உங்க பாதுகாப்பா? கூப்புடு உள்ள இருக்கிறவங்கள!" பெட்டியோட போறவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. அந்த ஆளு பாவம், "அம்மா, அம்மா"ன்னு கையக் காட்டுனாரு.

"வா, அவரு இன்னா பண்ணுவாரு?"ன்னு என் பொண்ணுதான் என் கையப் புடிச்சி இழுத்துகினு வந்தா. அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்துல அவ என்ன அடக்கிகினு இருந்தா. எனக்குள்ள ஒண்ணு பேசிகினே இருந்துச்சி, அத அமுக்கத்தான் அத்தினி சத்தம். இது மட்டும் எனக்குக் கொழப்பமே இல்லாம தெரியும்.

மறுநாளே லேடி டாக்டரு கிட்டப் போனோம். அவங்க கண்ணாடியக் கழட்டி மேசைல வெச்சிட்டாங்க. "இதப் பாருங்க, அவங்களே வேணாம்னு திருப்பி அனுப்பினதுக்கு அப்புறம் நான் மறுபடி கையெழுத்து போட்டா, நடுவானத்துல ஏதாச்சும் ஒண்ணுன்னா என் கழுத்துக்குத்தான் வரும். நான் போட மாட்டேன்." இன்னும் ரெண்டு எடத்துல கேட்டோம். மொத டாக்டரு ஏன் போடலன்னு கேட்டாங்க. அதுக்குள்ள பத்து நாளு ஓடிப்போச்சி. மாப்ளைக்கு லீவு கெடைக்கல. அப்புறம் யாரு நெனைச்சாலும் ஏத்த முடியாதுன்ற கணக்கும் வந்துடுச்சி. அன்னிக்கு என் பொண்ணு கட்டில்ல சொவத்தப் பாத்துப் படுத்துகினா. சோறு பெசைஞ்சி எடுத்துகினு போனேன். "அப்புறமா சாப்புடறேன்"னா. அழுதாளான்னா, அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

சொன்ன தேதிக்கு ரெண்டு நாளு முன்னாடி வலி எடுத்துச்சி. பெரியாஸ்பத்திரில தொணைக்கு ஒரு பொம்பளைய உள்ள விடுவாங்க, நான் போனேன். என் மணிக்கட்டப் புடிச்சிகினா. ஒவ்வொரு வலிக்கும் நகம் உள்ள எறங்கிச்சி. அவரு பேரத்தான் சொல்லிகினு இருந்தா, என் கையப் புடிச்சிகினு. பையன் பொறந்தான். மூணு கிலோ, ஒரு கொறையும் இல்ல. நர்ஸம்மா தொடைச்சி மொத மொத என் கையிலதான் குடுத்தாங்க. மாப்ள போன்ல பாத்தாரு. சிக்னல் சரியில்ல, படம் நின்னு நின்னு வந்துச்சி. "மூக்கு தெரியலியே, இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க அத்தை"ன்னு கேட்டுகினே இருந்தாரு.

அதோட முடிஞ்சிருக்கும். ஆனா மாப்ள விடுற ஆளா? பயணிங்க புகார் சொல்றதுக்குன்னே கவர்மெண்ட்டு இணையத்துல ஒரு பக்கம் வெச்சிருக்குதாம். ஏத்தலன்னா ஏன் ஏத்தலன்னு கம்பெனி காரணம் சொல்லணுமாம். "இந்தத் தப்பு யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் அத்தை. வேற ஒரு பொண்ணுக்கு இப்பிடி ஆகக் கூடாது"ன்னாரு. பயணி பேர்லதான் போடணும்ன்றதால அவரு எழுதி அனுப்ப, என் பொண்ணு அவ மெயிலுலேர்ந்து போட்டா. நான் பக்கத்துல உக்காந்து புள்ளைக்குத் துணி மடிச்சிகினு இருந்தேன். ஏத்தாம நிறுத்துறதும் பாதுகாப்புன்றாங்க, ஏன் நிறுத்துனன்னு கேக்குறதும் பாதுகாப்புன்றாங்க. ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தி மாட்டிகினு இருக்கிறது எந்த ரூல்ல வருதுன்னு எனக்குப் புரியல. போட வேணாம்டீன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி. ஏன்னு கேட்டா?

பதில் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சி. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், எனக்கு லீவு. அவ புள்ளைக்குப் பால் குடுத்துகினே போனப் பாத்துகினு இருந்தா. "அம்மா, பதில் வந்துடுச்சி!"ன்னு சத்தமா படிக்க ஆரம்பிச்சா. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்னு என்னமோ இங்கிலீஷ்ல. அப்புறம் சத்தம் கொறைஞ்சிச்சி. அப்புறம் மனசுக்குள்ளயே படிச்சா. புள்ள பால் குடிச்சி முடிச்சி தூங்கிட்டான், அவ இன்னும் படிச்சிகினே இருந்தா.

"அம்மா, உனக்கு போன் வந்துச்சா?"

"வந்துச்சி."

"இன்னா கேட்டாங்க?"

"எத்தனை வாரம்னு கேட்டாங்க."

"வாரம்னு தான கேட்டாங்க?"

"ஆமாண்டீ."

"முப்பத்தி மூணுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நம்ம கணக்குல ஒம்பது நடந்துகினு இருந்துச்சி. வாய்ல அது வந்துடுச்சி."

அவ என்னையே பாத்தா. கோவம் இல்ல. கோவத்த விட மோசமா, பாவம் பாக்குற மாதிரி. "சரி, தெரியாம சொல்லிட்ட. விடு"ன்னா.

கதவ அவளே தொறந்து வுட்டா. அது வழியா போயிருந்தா முடிஞ்சிருக்கும். என் நாக்கு என்னிக்கு நான் சொன்னதக் கேட்டுச்சி? "பஸ்ல வரும்போதே தப்புன்னு தெரிஞ்சிடுச்சிடீ. மூணு நாளு இருந்துச்சி. நான் திருப்பிக் கூப்புடல."

"ஏன்?"

"தெரியலம்மா."

அது பொய் இல்ல. நீ இங்க இருக்கணும்னு நான் ஆசப்பட்டது நெசம். நீ நல்லபடியா போயிச் சேரணும்னு கண்ணாடிக்கு வெளிய நின்னு வேண்டினதும் நெசம். போன்ல எது பேசிச்சி, மூணு நாளா எது பேசாம இருந்துச்சின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிரிச்சிப் பாக்கத் தெரியல. இதையெல்லாம் அவகிட்ட சொல்ல வாயத் தொறந்தேன். அந்த நேரம் பாத்து மாப்ள போன் வந்துச்சி. ஞாயித்துக்கெழம அந்த நேரத்துக்கு எப்பவும் பண்ணுவாரு.

புள்ளைய என் மடியில போட்டுட்டு, போன எடுத்துகினு வெளிய மாடிப் படிகிட்ட போயிட்டா. கதவு தொறந்துதான் இருந்துச்சி.

"ம், வந்துச்சி... படிச்சேன்... இல்லீங்க, கம்பெனி மேல தப்பு இல்ல. நான்தான். ஃபார்ம்ல மாசத்தையும் வாரத்தையும் மாத்திப் போட்டுட்டேன் போல... ஆமா, நானேதான்..." அந்தப் பக்கம் அவரு பேசிகினு இருக்காருன்னு தெரிஞ்சிச்சி. "எனக்கு மட்டும் கஷ்டமா இல்லியா? நீங்க பாக்கணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லியா? ...சரி. சரிங்க. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

நான் எழுந்து போயி, அந்தப் போன வாங்கி, "மாப்ள, அவ இல்ல, நான்"னு சொல்லியிருக்கணும். நாலு அடிதான் இருக்கும். மடியில பையன் வாயத் தொறந்துகினு தூங்கினு இருந்தான், பால் வாசனையோட, அவங்க அப்பன் இன்னும் ஒரு தடவ கூடத் தொட்டுப் பாக்காத புள்ள. வெளிய என் பொண்ணு மூக்க உறிஞ்சிகினு இருக்கிறது கேக்குது. சத்தியமா சொல்றேன், அந்த நேரத்துலயும் இவன் என் மடியில இருக்கிறானேன்னு எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சி. எழுந்தா புள்ள முழிச்சிக்குவானேன்னு, அப்பிடியே உக்காந்துகினு இருந்தேன்.